பாலைவனத் தோட்டத்துல வசந்தப் பூ வேணுமா? வசந்தத்துல விதைக்காதீங்க!

[காட்சி: வெடிச்சுக் கிடக்கிற வறண்ட நிலம். அடுத்த நொடி, அதே நிலம் முழுக்க மஞ்சள் பூ.]

இந்த ரெண்டு காட்சியும் ஒரே இடம்தான். கலிஃபோர்னியாவுல இருக்கிற டெத் வேலி. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் சராசரியா 60 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாத பூமி. 2016 தொடக்கத்துல அங்க விரிஞ்ச பூவைப் பார்க்க ஜனங்க கூட்டம் கூட்டமா வந்தாங்க. ஆனா அந்தப் பூவுக்கு அச்சாரம் போட்டது எப்போ தெரியுமா? 2015 அக்டோபர்ல கொட்டின மழை!

வணக்கம் மக்களே! பாலைவன வீட்டுத் தோட்டத்துல வசந்தப் பூ வளர்க்கிறவங்க நிறையப் பேர் வெயில் இதமா ஆனதும் விதையை வாங்கித் தூவுறாங்க. முளை வந்து, நாலு இலை விடுறதுக்குள்ள கோடை வந்து சுட்டுடுது. விதைக்கிற காலம் இலையுதிர் காலம். பூமியோட வடபாதியில அக்டோபர்ல இருந்து டிசம்பர் நடுப்பகுதி வரைக்கும். தென்பாதியில ஏப்ரல், மே, ஜூன். குளிர்காலம் முழுக்க செடி மேல பெருசா வளர்ந்த மாதிரியே தெரியாது. மண்ணுக்குள்ள வேர் இறங்கிக்கிட்டே இருக்கும். அதை நம்புங்க.

சரி, பழைய அக்டோபர் மழை எப்படி விதையை எழுப்புது? எனக்கு இந்தத் தலைப்புலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

[காட்சி: கைநிறைய மணல், அதுக்குள்ள கடுகைவிடச் சின்ன விதைகள்]

ஃப்ரிட்ஸ் வென்ட்னு ஒரு தாவரவியலாளர். செடியை வளர வைக்கிற ஆக்சின் ஹார்மோன் பத்தின ஆராய்ச்சியில 1920-கள்லயே பேர் வாங்கினவர். பிற்பாடு அவர் பாலைவன மண்ணை, அதுக்குள்ள கிடக்கிற விதையோட ஆய்வகத்துக்குக் கொண்டு வந்து, மேல செயற்கை மழை பெய்ய வச்சுப் பார்த்தார். லேசான தூறலுக்கு விதை அசையலை. ஏறக்குறைய 12 மில்லிமீட்டருக்கு மேல போனாத்தான் முளைக்கத் தொடங்குச்சு, 25 மில்லிமீட்டருக்கு இன்னும் நல்லா வந்துச்சு. இதுவரைக்கும் ஆச்சரியம் இல்லை. அடுத்து அதே மண்ணுக்குக் கீழே இருந்து தண்ணியை ஊற விட்டார். மண்ணு சொதசொதன்னு நனைஞ்சும் விதை முளைக்கலை!

காரணம், முளைக்காம தடுக்கிற ரசாயனங்கள் விதையில இருக்கு. மேல இருந்து விழுந்து கீழ இறங்குற தண்ணிதான் அதைக் கரைச்சு வெளியே தள்ளும். கீழே இருந்து ஊறுற தண்ணியால அது முடியாது. சும்மா ஒரு தூறலை நம்பி முளைச்சா, பூக்கிறதுக்கு முன்னாடியே செடி செத்துடும். அதனால ஒவ்வொரு விதையும் தனக்குன்னு ஒரு மழைமானி வச்சிருக்கு மக்களே!

அதோட நிக்கலை. அரிசோனாவுல டூசான் நகரத்துப் பக்கம் டுமமாக் மலை இருக்கு. லாரி வெனபிள்னு ஒரு சூழலியலாளர் 1982-ல இருந்து அங்க ஒரு வருஷச் செடிகளை, அதாவது ஒரே வருஷத்துல முளைச்சுப் பூத்து முடிஞ்சுடுற செடிகளைக் கணக்கெடுத்தார். எவ்வளவு நல்ல மழை பெய்ஞ்சாலும் எல்லா விதையும் ஒரே வருஷத்துல முளைக்கிறது இல்லை. ஒரு பங்கு மண்ணுக்குள்ளயே காத்துக்கிடக்கும். விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் ரொம்ப ஏறி இறங்குற இனங்கள், இன்னும் அதிக விதையைப் பிடிச்சு வச்சுக்குது. அதனால உங்க பாத்தியில முதல் வருஷம் பாதிதான் முளைச்சுதுன்னா, விதை கெட்டதுன்னு கொத்திப் போட்டுடாதீங்க.

இதைத் தோட்டத்துக்குக் கொண்டு வருவோம். முதல் தண்ணி மேல இருந்து, மெதுவா, நிறைய. 25 மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். பூவாளியிலயோ தெளிப்பான்லயோ மண் அரிக்காம, விட்டுவிட்டு ஊத்துங்க. இந்த வேலைக்குச் சொட்டுநீர்க் குழாய் சரிப்படாது. அப்புறம் ரெண்டு மூணு வாரம் மேல்மண் காயாமப் பார்த்துக்கணும். முளை நிலைச்சதும், மழை இல்லாட்டி மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை.

விதைக்கிறது ரொம்பச் சுலபம். மண்ணை லேசாக் கீறி, விதையை நாலு பங்கு மணலோட கலந்து தூவி, காலால மிதிச்சு விடுங்க. 3 மில்லிமீட்டருக்கு மேல புதைக்காதீங்க.

உரம்? தயவுசெஞ்சு வேண்டாம். நைட்ரஜன் ஏறினா இலைதான் மண்டும், கூடவே களையும் கொழுக்கும், பூ குறையும். கீழே சுக்கான் பாறை தட்டுப்பட்டு, குழியில விட்ட தண்ணி மறுநாளும் நின்னா, வேற இடம் பாருங்க.

செடித் தேர்வு: தங்கப் பாப்பி, லூபின், டெசர்ட் ப்ளூபெல் எல்லாம் ஒரு வருஷச் செடி. டெசர்ட் மேரிகோல்டு, பென்ஸ்டமன் ரெண்டும் ஒரு சீசனோட போயிடாது. நீங்க இருக்கிற பாலைவனத்துக்கே உரிய செடிக்குத்தான் எப்பவும் முதலிடம் குடுங்க. ஒண்ணே ஒண்ணு, ப்ளூபெல் இலை பட்டா சிலருக்குத் தோல் தடிக்கும், கையுறை போட்டுக்கங்க. ட்யூலிப் ஆசை இருக்கிறவங்களுக்கு: கிழங்கை 12 வாரமாவது குளிர்பெட்டியில வைக்கணும். பக்கத்துல ஆப்பிள் வைக்காதீங்க, அதுல இருந்து வர்ற எத்திலீன் வாயு உள்ள இருக்கிற மொட்டைக் கருக்கிடும்.

முளை நெருக்கமா வந்தா கலைச்சு விடுங்க, செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி போதும். பிடுங்காம கத்திரியால நறுக்கினா பக்கத்து வேர் ஆடாது. முயல் வர்ற இடம்னா கம்பி வலை கட்டாயம், இளம் லூபினை அது விட்டு வைக்காது.

இப்போ எல்லாரும் அவசரப்படுற கட்டம். இதழ் உதிர்ந்ததும் தோட்டம் அசிங்கமா இருக்குன்னு வெட்டிடுறாங்க. பொறுங்க! காய் பழுப்பாகி, உலுக்கினா உள்ள கலகலன்னு சத்தம் வரணும். பாப்பிக் காய் முத்தினா தானா வெடிச்சு விதையைத் தூர வீசும். சேகரிக்கணும்னா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பறிச்சு, வாயை மூடின காகிதப் பையில போடுங்க, பிளாஸ்டிக்ல போட்டா ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பாதியை அங்கயே உதிர விட்டுட்டு, காய்ஞ்ச செடியை மட்டும் எடுத்துடுங்க. கோடையில அது சட்டுன்னு தீப்பிடிக்கும்.

உங்க ஊர்ல குளிர்கால மழை எந்த மாசம் வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, விதைக்கிற வாரத்தைச் சேர்ந்தே கணக்குப் போடுவோம். இந்த வீடியோவை இப்பவே சேமிச்சு வச்சு, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி மறுபடி எடுத்துப் பாருங்க.