பதினைந்து அடியும் நான்கு அடியும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவில் ஊறிப்போன ஒரு ரசிகர் கோல்ஃப் பக்கம் போவது ரசனையின் வளர்ச்சியா, தளர்ச்சியா? தலைப்பு இதுதான். வளர்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கிவிட்டு அமர்ந்தார். வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவன்தான் கோல்ஃப் பார்ப்பான். பல வருடம் கூடவே இருந்த அணியை விட்டுப் போவது துரோகம். சும்மா கிடக்கும் பந்தை அடிப்பதில் என்ன விறுவிறுப்பு? கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், நடுவர் அவர்களே. என் வழக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது.

கூடைப்பந்திலும் அப்படி ஓர் அடி உண்டு. ஃப்ரீ த்ரோ. எதிரணி ஃபவுல், அதாவது விதிமீறல், செய்தால் கிடைக்கும் எறி. வளையத்துக்கு எதிரே பதினைந்து அடியில் ஒரு கோடு. மறிக்க ஆள் கிடையாது, தட்டிவிடக் கை கிடையாது. அதுவரை தலைதெறிக்க ஓடிய பத்துப் பேரும் அப்படியே நிற்பார்கள். ஆடுபவர் பந்தை இரண்டு மூன்று தரம் தரையில் தட்டுவார், மூச்சை இழுத்து விடுவார், வளையத்தைப் பார்ப்பார். அந்த ஐந்தாறு விநாடி நாமும் மூச்சுவிட மாட்டோம்.

1995 இறுதித் தொடரின் முதல் ஆட்டம். ஹூஸ்டன் ராக்கெட்ஸை விட ஆர்லாண்டோ மேஜிக் மூன்று புள்ளி முன்னால். மிச்சம் பத்தரை விநாடி. கோட்டில் நிற்பவர் நிக் ஆண்டர்சன். ஒன்று விழுந்தால் போதும், வெற்றி கிட்டத்தட்டக் கையில். முதலாவது தவறியது. இரண்டாவதும் தவறியது. திரும்பி வந்த பந்தை அவரே பிடித்தார், மறுபடியும் ஃபவுல், மறுபடியும் இரண்டு வாய்ப்பு. அவையும் தவறின. அந்தப் பக்கம் கென்னி ஸ்மித் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் ஹூஸ்டன் 120-118 என்று ஜெயித்தது. தொடர் 4-0. ஆண்டர்சன் அந்த சீசனில் நூற்றுக்கு எழுபது ஃப்ரீ த்ரோ போட்டவர். 1996-97 சீசனில் அது நாற்பதுக்கு இறங்கிவிட்டது. கையில் கோளாறு இல்லை. அந்தக் கோட்டில் போய் நிற்கும்போதெல்லாம் பழைய நான்கும் கூடவே வந்து நின்றிருக்கின்றன.

அந்த முகத்தைப் பதிவில் பார்க்கிறபோதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு மனிதன் தன்னோடு தானே தனியாக நிற்பதைப் பார்ப்பதுதான் எனக்கு இந்த விளையாட்டில் ஆழமாகப் பிடித்த விஷயம் என்று எனக்கே தெரிய வெகுநாள் ஆனது. தெரிந்த பிறகு கோல்ஃபைப் பார்த்தேன். அங்கே எல்லா அடியுமே ஃப்ரீ த்ரோ! குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிப்பவருக்கே வெற்றி.

2024 ஜூன், பைன்ஹர்ஸ்ட் மைதானம், யுஎஸ் ஓபன் கோல்ஃப் போட்டி. ரோரி மெக்கில்ராய் அந்த சீசனில் மூன்று அடிக்குள்ளிருந்து குழியை நோக்கி உருட்டிய பந்துகள் 496. விழுந்தவையும் 496. கடைசி நாள், பதினாறாவது குழி, இரண்டரை அடி. தவறிவிட்டது. பதினெட்டில் நான்கு அடிகூட இல்லை, அதுவும் தவறியது. ஒரே ஒரு முறை குறைவாக அடித்த வித்தியாசத்தில் பிரைசன் டிஷாம்போ கோப்பையை எடுத்தார்.

பத்து மாதம் கழித்து அகஸ்டா மைதானம், மாஸ்டர்ஸ் போட்டி. மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் மெக்கில்ராய்க்குக் கிடைக்காமலே இருந்த ஒன்று. 2011-ல் மற்றவர்களைவிட நான்கு தரம் குறைவாக அடித்த முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி, அன்று மட்டும் 80 தரம் அடித்துச் சிதறிய அதே மைதானம். இந்த முறை முதல் குழியிலேயே இரண்டு தரம் கூடுதலாக அடித்து நஷ்டம். பதின்மூன்றில் பந்து ஓடைக்குள் போனது. பதினெட்டில், விழுந்தால் கோப்பை என்ற பட், அதாவது குழிக்குள் உருட்டும் அடி, தவறியது. சமன். ஜஸ்டின் ரோஸோடு அதே பதினெட்டாவது குழியில் மறுபடியும் ஆட வேண்டும். அகஸ்டாவில் பார்வையாளர்கள் கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை. திரண்டிருந்த அத்தனை பேரின் கையும் காலி, கண் மட்டும் பந்தின் மேல். நான்கு அடிக்குள் ஒரு பட். பைன்ஹர்ஸ்டில் கைவிட்ட அதே தூரம். உருட்டினார், விழுந்தது. மட்டையைத் தலைக்குப் பின்னால் வீசிவிட்டுப் புல்லில் முகம் புதைத்துக் குலுங்கினார். விறுவிறுப்பு எங்கே என்று கேட்டீர்களே நண்பரே, இது என்ன?

அப்புறம், துரோகம் என்றீர்கள். சியாட்டில் ரசிகர்களைக் கேளுங்கள். 1967-லிருந்து தங்கள் ஊர் என்பிஏ அணியான சூப்பர்சோனிக்ஸுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். 1979-ல் கோப்பையும் வந்தது. 2008-ல் அணியையே ஓக்லஹோமா சிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். விட்டுப் போனது யார், ரசிகனா? கோல்ஃபிலும் பணம் ஆட்டத்தைக் குலைத்தது உண்மை. 2022-ல் பெரும்பணத்தோடு எல்ஐவி என்ற புதிய கோல்ஃப் போட்டிகள் வந்தபோது ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தது எனக்கும் வருத்தம்தான். அதை மறைக்க மாட்டேன்.

வேகமா? 24 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-ல் வந்தது. அதுதான் என்பிஏவைக் காப்பாற்றியது. 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 89-89 என்று நிற்கும்போது, லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து பறந்துவந்து எதிரணி இகுடாலாவின் பந்தைப் பலகையில் அறைந்தாரே, அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் அந்த வேகத்தில் நடிப்பும் புகுந்துவிட்டது. படாத அடிக்குச் சுருண்டு விழுகிறவர்களைத் தண்டிக்க 2023-24 சீசனில் தனி விதியே போட வேண்டியதாயிற்று. கோல்ஃபைப் பாருங்கள். 1925 யுஎஸ் ஓபனில் பாபி ஜோன்ஸின் பந்து புல்லுக்குள் லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி ஓர் அடி தண்டனை வாங்கிக்கொண்டார். கடைசியில் சமன் ஆகி, மறு ஆட்டத்தில் கோப்பையை இழந்தார். இந்த ஆட்டத்தை ஒருவர் விரும்பினால் அதற்குப் பெயர் தளர்ச்சியா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒருவரைச் சொல்லி முடிக்கிறேன். ஜே.ஆர். ஸ்மித். 2018 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், 107-107 என்ற நிலையில், தவறிப்போன ஒரு ஃப்ரீ த்ரோவைப் பிடித்தார். மிச்சம் 4.7 விநாடி. ஒரு பந்து விழுந்தாலே வெற்றி என்ற நிலையில், வளையத்தை நோக்கிப் போகாமல் வெளியே ஓடினார், ஆட்டம் கைவிட்டுப் போனது. உலகமே அவரைக் கேலி செய்தது. இரண்டு என்பிஏ கோப்பை வென்ற அந்த மனிதர் 2021-ல் நார்த் கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தன் வயதில் ஏறக்குறைய பாதி வயதுப் பிள்ளைகளோடு கல்லூரி கோல்ஃப் அணியில் ஆடினார். 24 விநாடிக் கடிகாரம் இல்லாத ஓர் இடத்தில், அசையாமல் கிடக்கும் பந்துக்கு முன்னால் போய் நின்றார். கூடைப்பந்தை அவரைவிட நெருக்கத்தில் பார்த்தவர் இந்த அரங்கில் யார் இருக்கிறோம்? அவர் முகத்தைப் பார்த்து, உங்கள் ரசனை தளர்ந்துவிட்டது ஐயா என்று எதிரணி நண்பர் சொல்வாரா?

நன்றி, வணக்கம்.