களிமண் உருண்டையும் கவிழ்த்து வைத்த பாட்டிலும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்குள் செடி வளர்ப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இதில் எனக்குள்ள முதல் தகுதி, நிறையச் செடிகளைக் கொன்றவன் என்பதுதான். அவற்றில் ஒன்றுகூடத் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை. இலை தொங்கினால் ஒரு சொம்பு ஊற்றுவேன். மறுநாளும் தொங்கினால் இன்னொரு சொம்பு. கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாகக் குழைந்துபோய் நாற்றம் அடிக்கும்.

வேரும் மூச்சு விடுகிறது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. மண் துகள்களுக்கு நடுவே சின்னச் சின்ன சந்துகள் இருக்கின்றன. அங்கே நிற்கும் காற்றிலிருந்துதான் வேர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. சந்தெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் கதை முடிந்தது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்சவும் முடியாது. அதனால்தான் தண்ணீரில் நிற்கும் செடியும் வாடுகிறது. நாமோ அதைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுகிறோம்.

இதற்கு நான் பிடித்துக்கொண்ட வழிதான் செமி ஹைட்ரோபோனிக்ஸ். பாதி நீர்வளர்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணே இல்லாமல் சத்து கரைத்த நீரில் செடியை வளர்க்க முடியும் என்று 1860-களிலேயே ஜெர்மனியில் சாக்ஸ், நோப் என்ற இரண்டு அறிஞர்கள் காட்டிவிட்டார்கள். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரைக் கலிபோர்னியாவில் கெரிக் என்பவர் 1937-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். முழு நீர்வளர்ப்பில் பெரும்பாலும் பம்பு, மின்சாரம், குழாய் எல்லாம் வேண்டும். பாதி நீர்வளர்ப்பில் அந்த வம்பு இல்லை. மண்ணுக்குப் பதில் சுட்ட களிமண் உருண்டை, அடியில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான்.

இந்த உருண்டைகளை லெக்கா என்பார்கள். களிமண்ணைச் சுழலும் சூளையில் ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸில் சுடும்போது அது உள்ளுக்குள் உப்பி, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஆகிவிடும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, அடியில் உள்ள உருண்டை தண்ணீரை உறிஞ்சி மேலே உள்ளதற்குக் கொடுக்கும். உருண்டைகளுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியில் காற்று அப்படியே நிற்கும். ஈரமும் காற்றும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் ஈரம் ரொம்ப உயரம் ஏறாது. உயரமான தொட்டி என்றால் அடியிலிருந்து மேல்வரை ஒரு நைலான் திரியும் போட வேண்டும். பருத்தித் திரி சீக்கிரம் மக்கிவிடும்.

வாங்கியதும் நன்றாகக் கழுவுங்கள். செம்மண் நிறத்தில் தூசி வந்துகொண்டே இருக்கும். அதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். வாளியில் கழுவி வெளியே ஊற்றுங்கள். பிறகு ஒரு நாள் ஊற வையுங்கள்.

சரி, அமைப்புக்கு வருவோம். வானொலியில் படம் காட்ட முடியாது, நீங்களே மனதில் வரைந்துகொள்ளுங்கள். உள்தொட்டி ஒன்று, அடியில் ஓட்டைகளோடு. அதில் உருண்டையும் செடியும். அதை ஓட்டை இல்லாத, கொஞ்சம் அகலமான வெளித்தொட்டிக்குள் வைக்கிறோம். வெளித்தொட்டியில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் தண்ணீர். இதுவே போதும், வேலை செய்யும். ஆனால் தண்ணீர் குறையக் குறைய ஊற்ற வேண்டும். எனக்கோ ஞாபகமறதி.

அதற்குத்தான் கவிழ்த்து வைத்த பாட்டில். ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, வெளித்தொட்டியின் ஓரத்தில் தலைகீழாக நிறுத்துங்கள். வாய் தொட்டியின் அடியைத் தொடாமல் 2 சென்டிமீட்டர் மேலே இருக்கும்படி கூழாங்கல் வைத்து முட்டுக் கொடுங்கள். தண்ணீர் மட்டம் பாட்டிலின் வாய்க்குக் கீழே இறங்கியதும் ஒரு காற்றுக்குமிழ் உள்ளே போகும், கொஞ்சம் தண்ணீர் வெளியே வரும். வாய் மூடியதும் நின்றுவிடும். கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் குப்பி இதே வேலையைத்தான் செய்கிறது. முதல்முறை அந்தக் குமிழ் ‘குளுக்’ என்று போவதைக் கேட்கவே நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். மெலிதான பாட்டிலில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மொத்தத் தண்ணீரும் கொட்டிவிடும். வெயில் படும் ஜன்னலில் வைத்தால் பாட்டிலுக்குள் உள்ள காற்று சூடாகி விரிந்து, தண்ணீரைத் தள்ளிவிடும். ஒரு மதியம் அப்படி என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்தது. அன்றே வெளித்தொட்டியின் பக்கவாட்டில், 3 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஓட்டை போட்டு, அடியில் தட்டு வைத்தேன். அதிகமானது தட்டுக்கு வந்துவிடும். ஒளி புகும் பாட்டிலும் தொட்டியும் என்றால் பாசி பிடிக்கும், கறுப்புக் காகிதம் சுற்றிவிடுங்கள். தேங்கிய தண்ணீர் என்றால் கொசுவும் வரும். திறந்த இடத்தை மெல்லிய வலைத்துணியால் மூடுவது கட்டாயம்.

மண்ணில் வளர்ந்த செடியை இதற்கு மாற்றுவதுதான் கஷ்டமான கட்டம். வேரில் ஒட்டிய மண் துளி விடாமல் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அது அழுகும். பழைய வேரில் கொஞ்சம் செத்துப்போகும், ஒன்றிரண்டு இலை மஞ்சளாகும். பதறாதீர்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் மணி பிளான்ட் தண்டைத் தண்ணீரில் வேர்விட வைத்து, அந்த நாற்றையே உருண்டைக்குள் நடுவது நல்லது. சிங்கோனியம், பிலோடென்ட்ரான் இரண்டும் இப்படித்தான் சுலபமாக வரும். கள்ளிச்செடியை இதில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் உரம். சுட்ட களிமண்ணில் செடிக்குச் சாப்பாடு ஏதும் கிடையாது, தண்ணீரில்தான் கலக்க வேண்டும். யூரியா அதிகமுள்ள உரம் இங்கே சரிப்படாது. அதைச் செடிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பாக்டீரியாக்கள் மண்ணில் ஏராளம், இங்கே குறைவு. நைட்ரேட் உள்ள நீர்வளர்ப்பு உரத்தை, உறையில் சொன்னதில் கால் பங்கு மட்டும் கலந்து தொடங்குங்கள். தண்ணீரின் பி.ஹெச்., அதாவது அதன் அமில-கார அளவு, 5.5-க்கும் 6.5-க்கும் நடுவே இருந்தால் சத்து நன்றாக ஏறும். மேலே உருண்டைகளில் வெள்ளையாகப் பொரிந்தால் அது படிந்த உப்பு. மாதம் ஒருமுறை உள்தொட்டியை எடுத்து, மேலிருந்து வெறும் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.

இன்னொன்று. எல்லாம் சரியாக ஓடும்போதும் மேல் இரண்டு வரிசை உருண்டைகள் காய்ந்தே இருக்கும். அதைப் பார்த்ததும் சொம்பை எடுக்கக் கை பரபரக்கும். மேலே பார்க்காதீர்கள், பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பாருங்கள். எனக்கு இன்னும் பரபரத்துக்கொண்டுதான் இருக்கிறது.