எலிக்கு முன்னால் வெள்ளெலி

நேயர்களுக்கு வணக்கம்.

பிளேக் என்றதும் வீட்டு எலிதான் நம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். மச்சில் ஓடுகிற எலி, இரண்டாங்கட்டில் புளி மூட்டையைக் குடைகிற எலி. பழி முழுக்க அதன் மேல். ஆனால் பிளேக் கிருமி பரம்பரையாகக் குடியிருப்பது நம் வளவுக்குள் இல்லை. பொட்டலிலும் புல்வெளியிலும் வளை தோண்டி வாழ்கிற காட்டுக் கொறித்துண்ணிகளிடம். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் முக்கியமாகச் சொல்லப்படுவது வெள்ளெலி. கடலைக்காட்டில் வரப்பு வெட்டியவர்களுக்கு இதைத் தெரியாமல் இருக்காது. மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, பெரிய கண், வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். வளையின் வாயை உள்ளேயிருந்து மண் போட்டு அடைத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம் மேல்மண் லேசாக மூடியிருக்கும்படி ஒரு அவசர வழி வைத்திருக்கும். பையன்கள் இந்தப் பக்கம் மண்வெட்டியோடு காத்திருக்க, அது அந்தப் பக்கம் மண்ணைப் பொத்துக்கொண்டு போய்விடும். உடனே பயந்துவிடாதீர்கள். வெள்ளெலி இருக்கிற இடமெல்லாம் பிளேக் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மழைக்காலத்தில் நம் பக்கம் வருகிற எலிக்காய்ச்சலும் வேறு நோய்.

விஷயம் இதுதான். கிருமி ஏறினாலும் வெள்ளெலிகளில் பல சாவதில்லை. தெள்ளுப்பூச்சி வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு எலிக்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது, கொத்துக் கொத்தாகச் செத்துவிழும். செத்த உடம்பு குளிர்ந்ததும் தெள்ளு இறங்கி வேறு ஆளைத் தேடும். கிருமி பெருகி அந்தப் பூச்சியின் இரைப்பை வாயை அடைத்திருக்கும். குடிக்கிற ரத்தம் உள்ளே போகாது. பசி தாங்காமல் கடித்துக்கொண்டே இருக்கும், கடிக்கும்போதெல்லாம் கிருமியைக் கக்கும். தெள்ளுதான் பரப்புகிறது என்று 1898இல் கராச்சியில் கண்டு சொன்னவர் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். ரொம்ப நாள் அவரை யாரும் நம்பவில்லை. ஆக, வீட்டு எலி நடுவில் மாட்டிக்கொண்ட தரகு மாதிரி. சரக்கு வருவது காட்டிலிருந்து.

எனக்குப் பிடித்த கதை ஒன்று. நம் செட்டிநாட்டு ஆட்கள் கிட்டங்கி என்று வியாபாரக் கிடங்கு வைத்திருந்தார்களே, அதே பினாங்கில் 1879இல் பிறந்தவர் வூ லியன் தே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910 கடைசியில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் பிளேக் என்று சீன அரசாங்கம் அவரை அனுப்பியது. அங்கே தர்பகான் என்று ஒரு மார்மட், அதாவது அணில் இனத்துப் பெரிய கொறித்துண்ணி, கொழுகொழுவென்று, வளைக்குள் கூட்டமாக வாழ்வது. தோலுக்கு நல்ல விலை வந்ததும் வெளியூர் ஆட்கள் வேட்டைக்குக் குவிந்தார்கள். உள்ளூர் வேட்டைக்காரர்கள் தள்ளாடுகிற மார்மட்டைத் தொடமாட்டார்கள். வந்தவர்களுக்கு அது தெரியுமா? சுலபமாகக் கையில் சிக்குகிறதே என்று பிடித்து உரித்தார்கள். குளிர்காலம், நெருக்கமான விடுதிகள். நோய் நுரையீரலுக்கு ஏறி, இருமலில் ஆளுக்கு ஆள் தொற்றி, ரயில் பாதையோடு பரவியது. ஏறக்குறைய 60,000 பேர் போனார்கள்.

அந்த இடத்தில் தெள்ளுகூடத் தேவைப்படவில்லை என்று வூ சொன்னார், துணி முகமூடி கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர், இந்தப் பையன் எனக்குச் சொல்வதா என்று முகமூடி இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் இறந்துவிட்டார். பிறகு எல்லாரும் கட்டினார்கள். கொரோனாவில் நாம் முகமூடி கட்டினோமே, இவரை யாராவது நினைத்தோமா?

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மண்டபம் முகாமில் சிலோனுக்குப் போகிறவர்களைத் தடுத்து வைத்துப் பார்த்த கதையும், 1994இல் சூரத்தில் பிளேக் வந்த கதையும் இன்னொரு நாளைக்கு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாமல் எலிகள் நிறையச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் எடுக்காதீர்கள், சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். பிளேக்குக்கு இன்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கலாம். வணக்கம்.