ஏழாம் வகுப்பு வரை சுவாஹிலி

அவைத்தலைவருக்கும், வந்திருக்கிற ஆசிரியர்களுக்கும், நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கிற மாணவர்களுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் கல்வி’ என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பு எனக்குத் தாங்காது. கென்யா ஒரு வழியில் போனது, உகாண்டா வேறு வழியில் போனது. எனக்குத் தெரிந்தது தான்சானியா. அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் சில வருஷம் கணக்கு நடத்தினேன். அந்த நாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போய்ச் சேர்ந்த முதல் வாரம் ஃபார்ம் ஒன் வகுப்பு. நம் கணக்கில் எட்டாம் வகுப்பு. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை என்று ஆங்கிலத்தில் நாற்பது நிமிஷம் விளக்கினேன். புரிந்ததா என்றால், அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில் ‘யெஸ் சார்’ என்றார்கள். மறுநாள் நோட்டுகளைத் திருத்தினேன். கரும்பலகையில் இருந்தது ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. கீழே கொடுத்த கணக்கை ஒருவர்கூடத் தொடவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த வயதான ஆசிரியரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். “சுவாஹிலியில் கேட்டுப் பாருங்கள்” என்று ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்தார். மறுபடி வகுப்புக்குப் போய், “ம்மேலேவா?” என்றேன். புரிந்துகொண்டீர்களா என்று அர்த்தம். வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் மட்டும் மெதுவாக, “பாடோ, ம்வாலிமு” என்றாள். இன்னும் இல்லை, ஐயா.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர்களுக்கு முக்கோணம் தெரியும். கோணங்களின் கூட்டுத்தொகையும் தெரியும். ‘ட்ரையாங்கிள்’ என்பதுதான் தெரியாது. சுவாஹிலியில் அதற்குப் பெயர் ‘பெம்பேதாது’. பெம்பே என்றால் மூலை, தாது என்றால் மூன்று. நாம் மூன்றை முன்னால் வைத்து முக்கோணம் என்கிறோம், அவர்கள் பின்னால் வைக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஏழு வருஷம் பெம்பேதாது படித்த பிள்ளைக்கு எட்டாவது வருஷம் அது ஒரு புது மிருகம்.

ஏன் இப்படி? தான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளி ஏழு வகுப்புகளும் சுவாஹிலி வழி. ஆங்கிலம் ஒரு பாடம். ஃபார்ம் ஒன்னில் கால் வைத்த நாளிலிருந்து தலைகீழ்: எல்லாம் ஆங்கிலம், சுவாஹிலி ஒரு பாடம். நடுவில் பாலம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது.

இந்த நாட்டின் கல்வியைப் பேசினால் ஒரு ஆசிரியரில்தான் தொடங்க வேண்டும். ஜூலியஸ் நைரேரே. விக்டோரியா ஏரிப் பக்கம் புட்டியாமா என்ற கிராமத்தில் பிறந்தவர். தபோராவில் படித்து, உகாண்டாவின் மகெரேரேயில் ஆசிரியர் பயிற்சி முடித்து, எடின்பரோவில் எம்.ஏ. வாங்கினார். திரும்பி வந்து டார் எஸ் சலாம் பக்கத்தில் புகு பள்ளியில் பாடம் நடத்தினார். நாட்டின் முதல் அதிபரான பிறகும், இறந்த பிறகும், மக்கள் அவரைச் சொல்வது ‘ம்வாலிமு’. ஆசிரியர். வேறு பட்டம் எதுவும் ஒட்டவில்லை.

ம்வாலிமு என்ற சொல்லை நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். அரபியில் முஅல்லிம். புத்தகம் அங்கே கிதாபு, பேனா கலாமு, நோட்டு தஃப்தாரி. வகுப்பு தராசா, நம் மதரஸாவின் உறவுக்காரச் சொல். ஆனால் பள்ளிக்கு மட்டும் ‘ஷூலே’. அது ஜெர்மன். முதல் உலகப் போர் வரை அந்த நாடு ஜெர்மானியக் காலனி, பிறகு ஆங்கிலேயர் ஆட்சி. சொல்லப்போனால் சுவாஹிலியை அலுவல் மொழியாக நாடு முழுக்கக் கொண்டுபோனதில் அந்த ஜெர்மானியருக்கும் பங்கு உண்டு. பிள்ளையின் பைக்குள் அரபு வணிகர், வாசலில் ஜெர்மானியர், கரும்பலகையில் ஆங்கிலேயர். ஒரு வகுப்பறையைப் பார்த்தாலே நாட்டின் சரித்திரம் தெரிந்துவிடும்.

1961 டிசம்பரில் சுதந்திரம். அந்த வருஷம் தொடக்கப் பள்ளிகளில் 4,90,000 பிள்ளைகள், பெரும்பாலோர் நாலாம் வகுப்பு வரைதான். உயர்நிலைப் பள்ளியில் 11,832 பேர். ஃபார்ம் சிக்ஸில், அதாவது பல்கலைக்கழக வாசலில், நாடு முழுக்க 176 பேர். இந்த எண்களை நைரேரேயே 1967இல் ‘தற்சார்புக்கான கல்வி’ என்ற அறிக்கையில் எழுதியிருக்கிறார்.

அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது ஒரு நேர்மை. தொடக்கப் பள்ளி முடிப்பவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் மேலே இடம் இருக்கிறது, மிச்ச 87 பேரைத் தோற்றவர்களாக ஏன் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பதுதான் அவர் கேள்வி. ஏழாம் வகுப்பு மேலே ஏறுவதற்கான படியாக மட்டும் இருக்கக் கூடாது, அதுவே முழுமையான கல்வியாக இருக்க வேண்டும் என்றார். பள்ளிக்குப் பண்ணை வேண்டும், பிள்ளைகள் பயிர் செய்யக் கற்க வேண்டும் என்றார். அந்த வருஷமே தொடக்கப் பள்ளி முழுக்கச் சுவாஹிலி வழியானது. நூற்றுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் உள்ள நாட்டில் ஒரே பொது மொழி வேரூன்றியதற்கு அந்த முடிவு பெரிய காரணம்.

பண்ணை விஷயம் நினைத்தபடி நடக்கவில்லை. பல இடங்களில் அது விவசாயப் பாடமாக இல்லாமல் வெறும் உடலுழைப்பாகிப் போனது. மண்வெட்டி பிடிக்கத்தான் பள்ளிக்கு அனுப்பினோமா என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். நியாயமான முணுமுணுப்பு. ஆனால் பள்ளி பெருகியது, அதை மறுக்க முடியாது. எல்லோருக்கும் தொடக்கக் கல்வி என்று 1974இல் முசோமாவில் தீர்மானம் போட்டார்கள். ஆசிரியர் போதவில்லை. ஏழாம் வகுப்பு முடித்த இளைஞர்களையே பயிற்சி கொடுத்து ஆசிரியராக்கினார்கள். முதியோர் கல்வியும் பெரிய இயக்கமாக நடந்தது. 1967இல் மூன்றில் இரண்டு பெரியவர்களுக்கு எழுத்து தெரியாது. 1980களின் நடுவில் பத்தில் ஒருவருக்குத்தான் தெரியாது என்றது அரசுக் கணக்கு.

பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். சுதந்திரத்துக்குச் சில வாரம் முன்னால், 1961 அக்டோபரில், டார் எஸ் சலாமில் ஆளும் கட்சியின் கட்டடத்திலேயே சட்டக் கல்லூரியாகத் தொடங்கினார்கள். மாணவர் பதினைந்து பேர்கூட இல்லை. பிறகு நகருக்கு வெளியே ஒரு குன்றுக்குப் போனார்கள். இன்றும் அதற்கு ம்லிமானி, ‘மலைமேல்’ என்றுதான் பெயர். முதலில் லண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, பிறகு மகெரேரே, நைரோபியோடு சேர்ந்து கிழக்கு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம், 1970இல் தனிப் பல்கலைக்கழகம்.

அந்தக் குன்றில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. படித்து முடித்தவர்கள் இரண்டு வருஷம் தேசிய சேவை செய்ய வேண்டும், அதில் பெரும்பகுதிக்குச் சம்பளத்தில் 40 சதவீதம்தான் என்று சட்டம் வந்தது. 1966 அக்டோபரில் மாணவர்கள் ஊர்வலமாக நைரேரேயிடமே போனார்கள். காலனி ஆட்சியே தேவலாம் என்கிற பதாகையும் இருந்தது. ஆசிரியருக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியுமே. சுமார் 400 பேரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார். சம்பளம்தானே பிரச்சினை என்று தன் சம்பளத்தில் 20 சதவீதத்தையும் வெட்டிக்கொண்டார். இரண்டாவதைச் செய்ததால்தான் முதலாவதைப் பற்றி ஊரில் பெரிதாகக் குறை சொல்லவில்லை என்று நான் நினைக்கிறேன். வெளியே போனவர்களில் பெரும்பாலோரைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த சில வருஷங்களில் அந்தக் குன்று ஆப்பிரிக்காவின் விவாத மேடையானது. கயானாவிலிருந்து வந்த வால்டர் ராட்னி அங்கே வரலாறு நடத்தினார். உகாண்டா அதிபர் முசேவேனி அங்கே படித்தவர். அங்கேயே ஒரு சுவாஹிலி ஆய்வு நிறுவனமும் இருந்தது. 1981இல் தரமான சுவாஹிலி அகராதியை வெளியிட்டது. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் இயற்பியல் பாடம் ஆங்கிலத்தில்!

இதைச் சரிசெய்ய வாய்ப்பு வந்தது. உயர்நிலைப் பள்ளியையும் பல்கலைக்கழகத்தையும் படிப்படியாகச் சுவாஹிலிக்கு மாற்றலாம் என்று 1982இல் மக்வேட்டா தலைமையிலான அரசு ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. நைரேரேயே ஆங்கிலம்தான் உலகத்தின் சுவாஹிலி, அதை விடக் கூடாது என்ற பக்கம் நின்றார். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தவர் அவர். அவரிடமே அந்தத் தயக்கம் இருந்தது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, கோபம் இல்லை. கடன் கேட்டு வாசல் வாசலாக நிற்கிற ஏழை நாடு, உலகத்தோடு பேசுகிற ஒரே சன்னலைச் சாத்தப் பயப்பட்டது.

விலையைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். 2012இல் ஃபார்ம் ஃபோர் தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் போல் தேறவில்லை. நாடே அதிர்ந்தது, பிரதமர் விசாரணைக் குழு போட்டார். பள்ளிகள் வேகமாகப் பெருகின, ஆசிரியர் இல்லை, ஆய்வகம் இல்லை என்று காரணங்கள் பல. மொழியும் அதில் ஒன்று. வசதியுள்ள பெற்றோர் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: தனியார் தொடக்கப் பள்ளி. அங்கேயும் அதற்குப் பெயர் ‘இங்கிலீஷ் மீடியம்’தான்! அரசுப் பள்ளிக்குக் கிண்டலாகக் ‘கயும்பா’ என்று பட்டப்பெயர். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறீர்கள், விளக்கம் தேவையில்லை என்று தெரிகிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். கடன் நெருக்கடிக் காலத்தில் திரும்பி வந்த தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை 2000களின் தொடக்கத்தில் எடுத்தார்கள். 2016 முதல் ஃபார்ம் ஃபோர் வரை கட்டணம் இல்லை. பிள்ளைகள் வெள்ளமாக வந்தார்கள், உட்கார பெஞ்சு இல்லை, பெஞ்சு செய்யவே ஓர் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. கர்ப்பமான மாணவியர் பள்ளிக்குத் திரும்பக் கூடாது என்றிருந்த தடையை 2021இல் நீக்கினார்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யும் 2023இல் தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவில் வளாகம் திறந்தது. வெளிநாட்டில் முதல் ஐ.ஐ.டி. அதுதான். அதன் முதல் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் ஒரு பெண், பிரீத்தி அகலாயம்.

சரி, என் வகுப்புக்கு வருகிறேன். அந்தப் பெண் ‘பாடோ’ சொன்ன பிறகு கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு பத்தி போட்டேன். பெம்பேதாது, ட்ரையாங்கிள். துவாரா, சர்க்கிள். ம்ராபா, ஸ்கொயர். பத்து நாளில் தலைமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, இங்கே ஆங்கிலம் மட்டும்தான் என்று வாசலில் எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா என்றார்கள். பார்த்தேன் என்றேன். அழித்துவிட்டு, அதையே ஒரு பெரிய தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். வகுப்பு தொடங்கியதும் யாராவது போய்க் கதவைத் திறந்து வைப்பார்கள். புதுச் சொற்களை அவர்களே சேர்த்தார்கள், என் சுவாஹிலி எழுத்துப் பிழைகளையும் திருத்தினார்கள்.

ஊர் திரும்பும்போது அந்தத் தாளை நினைவாகக் கழற்றிக்கொண்டு வரலாம் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சுப் பெண் அலமாரிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அடுத்த வருஷம் வருகிற ஃபார்ம் ஒன்னுக்கு வேண்டுமாம்.