லுக்மானியர் மின்பாதையும் 24 நிமிடங்களும்

நேயர்களுக்கு வணக்கம். உயர் அழுத்த மின்பாதைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மலையைக் கடக்கும் மின்பாதைகளைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் ஆல்ப்ஸ் மலையில் மின்பாதை என்று சொன்னால் உடனே ஒரு தேதி ஞாபகம் வரும். 2003 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. அன்றைக்கு இத்தாலி முழுக்கக் கரண்ட் போய்விட்டது. ஐந்தரைக் கோடிப் பேருக்கு மேல் இருட்டில் இருந்தார்கள். சார்டீனியா தீவு மட்டும் தப்பித்தது.

ஆல்ப்ஸுக்கு வடக்கே இருக்கும் மின்சாரத்தை விலை கொடுத்து வாங்கும் நாடு இத்தாலி. 1987இல் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு தன் அணுமின் நிலையங்களை அது மூடிவிட்டது. பிரான்ஸிலோ ராத்திரியில் அணுமின்சாரம் மிஞ்சும், விலையும் குறைவு. அதனால் இத்தாலியர்கள் இரவில் நிறைய வாங்குவார்கள். அதில் ஒரு பங்கை வைத்து மலை அணைகளுக்குத் தண்ணீரை பம்ப் பண்ணி ஏற்றி, பகலில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நல்ல வியாபாரம்தான். ஆனால் அத்தனை மின்சாரமும் மலையைத் தாண்டி வரவேண்டும். தாண்ட வசதியான இடம் கணவாய். கோவேறு கழுதை போன வழியில் சாலை வந்தது, சாலை போன பக்கமே கம்பியும் போனது.

சுவிட்சர்லாந்தில் இருக்கும் லுக்மானியர் கணவாய் 1,900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அதன் பெயரில் லுக்மானியர் பாதை என்று அழைக்கப்படுவது மெட்லன் – லவோர்கோ 380 கிலோவோல்ட் லைன். அதற்குக் கிழக்கே சான் பெர்னார்டினோ என்ற கணவாய்ப் பக்கம் சில்ஸ் – சோவாட்சா என்று இன்னொரு 380 கிலோவோல்ட் லைன். இந்த மாதிரி உயரத்தில் கோபுரம் நிறுத்துவதே பெரிய பாடு. இரும்பையும் கான்கிரீட்டையும் பல இடங்களில் ஹெலிகாப்டரில்தான் தூக்கிப் போகவேண்டும். கம்பியில் பனி உறைந்தால் எடை ஏறும். பனிச்சரிவு வரக்கூடிய சரிவுகளில் கோபுரத்துக்கு மேல்பக்கம் ஆப்பு வடிவத்தில் கான்கிரீட் கட்டுவார்கள், வருகிற பனி இரண்டாகப் பிளந்து விலகிப் போகும். இவ்வளவுக்கும் யோசித்து வைத்த லைனை அன்றைக்கு நிறுத்தியது ஒரு மரம்.

மரம் கம்பியைத் தொடவேண்டும் என்றுகூட இல்லை. 380 கிலோவோல்ட்டில், போதுமான இடைவெளி இல்லாவிட்டால் மின்சாரமே காற்றைத் தாண்டிக் கிளைக்குப் பாய்ந்துவிடும். அதிகாலை 3:01க்கு லுக்மானியர் லைன் டிரிப் ஆனது, அதாவது பாதுகாப்புக் கருவி லைனைத் தானாகவே துண்டித்துவிட்டது. அப்போது அதில் லோடு, அது தாங்கக்கூடியதில் 86 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தது. இந்த மாதிரிக் கோளாறு பெரும்பாலும் நொடியில் சரியாகிவிடும், லைன் தானாகவே மறுபடி ஏறிக்கொள்ளும். அன்றைக்கு ஏறவில்லை. 3:08க்குக் கையால் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று வெகுவாக முன்னே போய்விட்டால் ஏர் ஓடாது. லைன் டிரிப் ஆனதும் அதன் இரண்டு முனைகளிலும் மின் அலைகள் அப்படி விலகிவிட்டன. விலகல் கோணம் 42 டிகிரி. பாதுகாப்புக் கருவிக்கு வைத்திருந்த வரம்பு 30 டிகிரி. கருவி மறுத்துவிட்டது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இப்போது அந்த லோடு மற்ற லைன்களுக்குப் போகிறது. சான் பெர்னார்டினோ பக்கத்து லைன் 110 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. அதை 15 நிமிடத்துக்கு மேல் அப்படி விடக்கூடாது. காரணம் வெப்பம். ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 400 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் வெப்பம் 40 டிகிரி கூடினால் அது நீளுவது 30 சென்டிமீட்டர் போலத்தான், ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. ஆனால் நடுவில் கம்பி தொங்குவது ஒன்றரை மீட்டர் வரை கூடிவிடும். கீழே மரம் நிற்கும் இடத்தில் அந்த ஒன்றரை மீட்டர் போதும்.

நேரம் ஓடுகிறது. 3:11க்குத்தான் சுவிட்சர்லாந்துக் கட்டுப்பாட்டு மையம் ரோமில் இருக்கும் இத்தாலியக் கட்டுப்பாட்டு மையத்துக்கு போன் போட்டது. முதல் லைன் போய்ப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. ஒப்புக்கொண்டதைவிட நீங்கள் அதிகம் எடுக்கிறீர்கள், 300 மெகாவாட் குறையுங்கள் என்று கேட்டார்கள். ரோம் பத்து நிமிடத்தில் குறைத்தது. அது போதவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்: அந்த ராத்திரி இத்தாலியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த பம்புகளே ஏறக்குறைய 3,500 மெகாவாட் இழுத்துக்கொண்டிருந்தன. லுக்மானியர் லைன் போனால் அந்த பம்புகளை நிறுத்தச் சொல்லவேண்டும் என்று சுவிஸ்காரர்களின் கையேட்டிலேயே இருந்தது. பம்பை நிறுத்தினால் யார் வீட்டிலும் ஒரு பல்புகூட அணையாது.

3:25க்கு சில்ஸ் – சோவாட்சா லைனிலிருந்தும் மின்சாரம் இன்னொரு மரத்துக்குப் பாய்ந்து, அந்த லைனும் போனது. அப்புறம் மனிதர்கள் செய்ய எதுவும் இல்லை. பிரான்ஸ், ஆஸ்திரியா, ஸ்லோவேனியா பக்கத்து இணைப்புகளும் சில நொடிகளில் வரிசையாக விழுந்தன. தனியாக நின்ற இத்தாலி, ஃப்ரீக்வென்சி, அதாவது மின் அலை ஒரு நொடியில் அடிக்கும் சுற்று, 50இலிருந்து 47.5 ஹெர்ட்ஸுக்கு இறங்க, மூன்றே நிமிடத்துக்குள் முழுசாக அணைந்தது. ரோமில் அன்று 'வெள்ளை இரவு' விழா. விடிய விடிய அருங்காட்சியகமும் கடைகளும் திறந்திருந்து, தெருவெல்லாம் ஜனம். பார்த்து வைத்த நாள் போல! வடக்கில் காலையிலேயே மின்சாரம் திரும்பியது. சிசிலிக்குத் திரும்ப இரவு ஆகிவிட்டது.

சார்டீனியா தப்பியதற்குக் காரணம், அது பெருநிலத்தோடு கடலடியில் நேர்மின்சார (ஒரே திசையில் ஓடும் மின்சாரம், டி.சி.) கேபிளால் இணைந்திருந்தது. மின்சாரம் போய்வரும், ஆனால் அந்தப் பக்கத்து ஃப்ரீக்வென்சி ஆட்டம் இந்தப் பக்கம் வராது. நமக்கும் இது நடந்திருக்கிறது. 2012 ஜூலை கடைசியில் வட இந்தியா இருண்டபோது தென்னக கிரிட் (தென் மாநிலங்களின் மின் வலைப்பின்னல்) அணையாமல் நின்றது, நாமும் அப்போது நேர்மின்சார இணைப்புகள் வழியாகத்தான் மற்ற கிரிட்டுகளோடு சேர்ந்திருந்தோம். 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர் – சோலாப்பூர் லைன் ஏறியபிறகு அந்தத் தனிமை போய்விட்டது. இப்போது நாடு முழுக்க ஒரே ஃப்ரீக்வென்சி.

சரி, யார் மேல் தப்பு? மரத்தை வெட்டவில்லை என்று இத்தாலி சொன்னது, எங்களிடம் கேட்டதைவிட அதிகம் இழுத்தீர்கள் என்று சுவிட்சர்லாந்து சொன்னது. என் கணிப்பில் மரம் இரண்டாம் பட்சம். ஒரு லைன் போனாலும் மற்றவை தாங்கவேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். தாங்காத அளவுக்கு வியாபாரம் ஏறியிருந்தது, இறக்கிவிடும் அதிகாரம் எந்த ஒரு கையிலும் இல்லை. சுவிட்சர்லாந்திலேயே அப்போது பல கம்பெனிகள் கம்பிகளை வைத்திருந்தன. பின்னால் ஸ்விஸ்கிரிட் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் எல்லாம் வந்தது.

இப்போது மலைக்கு மேலே போவதை விட்டு உள்ளே போகிறார்கள். பிரான்ஸிலிருந்து இத்தாலிக்கு ஃப்ரேஜுஸ் சுரங்கம் வழியாக 190 கிலோமீட்டர் நேர்மின்சாரக் கேபிள், 1,200 மெகாவாட். கோட்ஹார்ட் மலையில் தோண்டும் இரண்டாவது சாலைச் சுரங்கத்திலும் 380 கிலோவோல்ட் கேபிள் போட்டு, மேலே நிற்கும் கோபுரங்களைப் பிரித்து எடுக்கத் திட்டம். பனியும் மரமும் அங்கே எட்டாது. ஆனால் மேலே போகும் கம்பி அறுந்தால் ஹெலிகாப்டரில் ஆள் போய்ச் சில நாளில் கட்டிவிடலாம். புதைத்த கேபிளில் பழுது வந்தால் இடத்தைக் கண்டுபிடித்து, இணைப்புப் போட்டு, சோதித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இரண்டில் ஒன்றைக் கேட்டால் நான் மரத்தை வெட்டிவிட்டுக் கம்பியையே வைத்துக்கொள்வேன்.

வணக்கம்.