கீழே விழுந்த பூ போதும்

நேயர்களுக்கு வணக்கம். மகிழமரத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நிழல், பூ, மருந்து, கட்டை, வளர்ப்பு என்று வரிசையாகக் குறித்து வந்திருக்கிறேன். எதுவரை போகிறதோ பார்ப்போம்.

ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கிற மரம். ஓரம் நெளிந்த, பளபளப்பான இலை, அடர்ந்த தலை. மொத்தமாக இலை கொட்டி மொட்டையாகாது என்பதால் சாலையோரத்திலும் பூங்காவிலும் அழகுக்கும் நிழலுக்குமாக நடுகிறார்கள். சரி, பூவுக்கு வருவோம். எனக்கு ஆசை அதில்தான்.

விடிகாலையில் மரத்தடியில் கொட்டிக் கிடக்குமே, ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளிறிய வெள்ளை, குட்டி நட்சத்திரம். நடுவில் ஒரு துளை. ஊசியே வேண்டாம், நாரை அப்படியே நுழைத்துக் கோத்துவிடலாம். அந்தத் துளை எப்படி வந்தது? இதழ்கள் அடியில் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. உதிரும்போது அந்த வளையம் மட்டும் கழன்று விழுகிறது. சூலகம், பூவை அடியில் தாங்கும் பழுப்பு நிறப் புல்லிவட்டத்தோடு கிளையிலேயே தங்கிவிடும், காயாவது அதுதான். அதனால் கீழே கிடப்பதைக் கூடை கூடையாக அள்ளினாலும் மரத்துக்கு ஒரு பழம்கூடக் குறையாது. கிளையை வளைத்துப் பறித்தால் பூவோடு காயும் போச்சு. எதற்கு அந்த அவசரம்? மரமே தருகிறதே! மணமும் எங்கும் போய்விடாது. காய்ந்து பழுப்பேறிய பிறகும் இருக்கும்; துணிகளுக்கு நடுவே போட்டு வைக்கலாம். மறுபடியும் சொல்கிறேன், கீழே விழுந்தது போதும்.

பழம் ஆரஞ்சு நிறம். மாவாக, இனிப்பும் துவர்ப்புமாக இருக்கும். சப்போட்டா குடும்பம்தானே, காயைக் கீறினால் பால் வரும். பட்டையிலும் நல்ல துவர்ப்பு. பட்டைக் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பதும் பற்பொடியில் பட்டை சேர்ப்பதும் பழைய வழக்கம். ஆனால் பல் ஆடினால் பல் மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று, பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடாதீர்கள். இலை செய்யும் உணவு வேருக்கு இறங்குவது அதன் வழியாகத்தான். முழு வட்டமாக உரித்தால் மரம் பட்டுப்போகும்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள். கட்டை கனமானது, உறுதியானது; தூணுக்கு ஆகும். வளர்ப்பு? பழத்திலிருந்து எடுத்த புது விதையைப் போடுங்கள். மெதுவாகத்தான் வளரும், பிடுங்கிவிடாதீர்கள். மின்கம்பிக்கு அடியில் மட்டும் வேண்டாம். வணக்கம்.