நைட் சூப்பர்வைசர் சும்மா சுற்றி வருகிறவரா?

வணக்கம் மக்களே! நைட் டூட்டி முடிந்து நேராக கேமரா முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சுக்குக் காப்பி வழக்கம்போல பக்கத்திலேயே இருக்கிறது. போன வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவர், "நர்சிங் சூப்பர்வைசர் என்றால் வார்டு வார்டாகப் போய்க் குறை சொல்கிறவர்தானே?" என்று கேட்டிருந்தார். நானே நைட் சூப்பர்வைசர்தான், இதற்கு இன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

நேற்று ராத்திரி மெடிக்கல் வார்டில் கிராஷ் கார்ட்டைப் பார்த்தேன். நோயாளிக்கு இதயம் நின்றுபோனால் தள்ளிக்கொண்டு ஓடுகிற வண்டி அது. ரெஜிஸ்டரில் எல்லா ஷிப்டுக்கும் டிக் இருக்கிறது. இதயத்தை மறுபடி துடிக்கவைக்கப் போடுகிற அட்ரினலின் மருந்து இருக்கிறது, எக்ஸ்பயரி தேதியும் சரி. தொண்டைக்குள் பார்க்கிற கருவியான லாரிங்கோஸ்கோப்பை விரித்தால் விளக்கு மங்கலாக, மஞ்சளாக எரிகிறது! தொண்டைக்குள் டியூப் போடும்போது டாக்டருக்கு அந்த வெளிச்சம்தான் கண். செல்லை மாற்றலாம் என்றால், அது டிவி ரிமோட்டுக்குப் போடுகிற செல் இல்லை, குண்டு செல். ஸ்டோரோ பூட்டியாகிவிட்டது. ஒவ்வொரு வார்டாகப் போன் போட்டேன், எங்கேயும் உபரி இல்லை. கடைசியில் ஆபரேஷன் தியேட்டரில் கையெழுத்துப் போட்டு வேறொரு கைப்பிடி வாங்கி வந்து, நாக்கைத் தூக்கிப் பிடிக்கிற பிளேடை அதில் மாட்டி விரித்தேன். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம்! எனக்கு அவ்வளவு சந்தோஷம். பார்க்காமல் டிக் போடுகிற பழக்கம் மட்டும் எனக்கு அறவே பிடிக்காது. விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அட, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். இதற்கெல்லாம் முன்னால், டூட்டி ஏறிய உடனேயே ஐசியூவில் ஒரு சிஸ்டருக்குக் காய்ச்சல், வர முடியவில்லை என்று போன். வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு 1:1, அதாவது ஆளுக்கு ஒரு நர்ஸ் வேண்டும். எந்த வார்டில் கூட்டம் குறைவு, அங்கே யாருக்கு வெண்டிலேட்டர் பழக்கம் என்று பார்த்து ஆளை மாற்ற வேண்டும். யாரையோ ஒருவரை அனுப்பிக் கணக்கை நேர் செய்வது எனக்கு ஒத்துவராது. ஆளை விட்டுக்கொடுத்த வார்டுக்கு ராத்திரி முழுக்க அடிக்கடி போய் நின்றதும் நான்தான்.

வார்டு இன்சார்ஜுக்கு அவருடைய வார்டு. நைட் சூப்பர்வைசருக்கு மொத்த ஆஸ்பத்திரியும். கேஷுவாலிட்டியில் பெட் கேட்பார்கள், உறவினர்கள் கோபமாக வந்து நிற்பார்கள், மார்ஃபின் என்கிற வலி மருந்தின் கணக்கு உதைக்கும். எல்லாவற்றுக்கும் போன் வருவது இவருக்குத்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ராத்திரியில் பயந்துபோய்க் கூப்பிடுவதும் இவரைத்தான். அந்தப் போனை எடுத்து, "இரும்மா, வந்துட்டேன்" என்று சொல்கிற சூப்பர்வைசரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

காலையில் அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவரில் அந்த விளக்கைத்தான் முதலில் எழுதினேன். வார்டுக்கு ஒரு செட் உபரி செல் கேட்டு ஸ்டோருக்கு இண்டெண்ட் சீட்டும் போட்டாகிவிட்டது. வந்ததா இல்லையா என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன். நர்ஸ் பிள்ளைகளே, இன்றைக்கு டூட்டிக்குப் போனதும் உங்கள் வார்டு லாரிங்கோஸ்கோப்பை ஒருமுறை விரித்துப் பாருங்கள். சரி, நான் தூங்கப் போகிறேன்.